மேடை பிரிக்கும் துறை

எங்கள் நாட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் வரைபடத்தில் நாட்டைவிடப் பெயர் பெரிதாகிவிடும். மிச்ச எழுத்துகள் இத்தாலிக்குள் போய் விழும். அவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு மலை, மலைமேல் ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஓர் அரண்மனை, அரண்மனைக்கு முன் ஒரு சதுக்கம். சதுக்கத்தில் ஒருவர் தும்மினால் எல்லைக் காவலர் நூறாயுசு என்று வாழ்த்துவார். அவ்வளவுதான் நாடு.

ஆனால் அரசாங்க விஷயத்தில் நாங்கள் கஞ்சத்தனம் செய்ததே இல்லை. மற்ற நாடுகளுக்கு ஒரு தலைவர். எங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு. ஒருவர் கெட்டுப் போனால் மற்றவர் தடுக்கட்டும் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு சந்தேகப் பிராணி எழுதி வைத்த ஏற்பாடு. இரண்டு பேரும் சேர்ந்தே கெட்டுப் போனால்? அதற்கும் வழி வைத்தான்: ஆறு மாதத்துக்கு மேல் யாருக்கும் பதவி கிடையாது. ஏப்ரலில் இரண்டு பேர், அக்டோபரில் வேறு இரண்டு பேர். ஆகவே எங்கள் ஊரில் முன்னாள் நாட்டுத் தலைவர்கள் வேலியோரக் கள்ளிபோல் செழித்துக் கிடக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை நான் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். காத்திருந்த ஆறு பேரும் முன்னாள் தலைவர்கள். மரபுப்படி பதவி மூப்பு உள்ளவருக்குத்தான் முதல் கத்தரி. யார் மூத்தவர் என்று தீர்வதற்குள் எனக்கு மிச்சமிருந்த முடியும் கொட்டிவிட்டது. முடி வெட்டுகிறவரும் ஒரு முன்னாள் தலைவர்தான். அதனால் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்; நாங்கள் நின்றோம்.

இந்தக் கதை நடந்தபோது நான் அரண்மனையின் உடுப்பு அறையில் இருந்தேன். அது என் கடைசி வருஷம். தலைவர்களுக்குக் கறுப்பு வெல்வெட் அங்கியும் வெள்ளைக் காலுறையும் மாட்டி, இடுப்பில் வாள் கட்டி அனுப்புவது என் வேலை. என்னிடம் யாராவது பழைய தலைவர்களைப் பற்றிக் கேட்டால் முகம் நினைவுக்கு வராது; கெண்டைக்கால்தான் வரும். நாட்டின் வரலாற்றை அந்த உயரத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

சதுக்கத்தின் மூலையில், பாறையை முதுகுக்குக் கொடுத்து நிற்கிறது லெயார்கோவின் உணவுக்கடை. பின்பக்கம் மலை என்பதால் வெளியே வர ஒரே ஒரு கதவு. பக்கத்தில் ஒரு ஜன்னல். மாடியில் வீடு, வீட்டுக்கும் சதுக்கத்தைப் பார்த்து ஒரு ஜன்னல். லெயார்கோ ஒல்லியான, சத்தமே போடாத மனிதன். சத்தத்துக்கு அவன் மனைவி இரீதே இருந்தாள். கல்லில் அவள் சுடும் பியாதீனா ரொட்டிக்குள் பன்றி இறைச்சியும் இளம் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துத் தின்றவன், அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் விசுவாசமாக இருக்க முடியாது.

புதிய தலைவர்கள் பதவி ஏற்கச் சதுக்கத்தில் ஒரு மேடை வேண்டும். முன்பெல்லாம் ஒரு தச்சர் அதைக் காலையில் கட்டுவார், மாலையில் பிரிப்பார், நடுவில் எங்களோடு குடிப்பார். அவர் இறந்த பிறகு, நாட்டின் தலையாய விழாவை ஒரு தச்சர் கையில் விட்டுவைத்தது பெரிய அவமானம் என்று மாமன்றம் கண்டுபிடித்தது. அந்தச் சமயத்தில் 'நாளைய குடியரசு'க் கட்சியும் 'நாளை மறுநாள் குடியரசு'க் கட்சியும் கூட்டணி பேசிக்கொண்டிருந்தன. இருந்த துறைகளை எல்லாம் பங்கு போட்ட பிறகும் இரண்டு பேருக்கு நாற்காலி இல்லை. ஆகவே செத்துப்போன தச்சரை இரண்டாக வெட்டினார்கள். மேடை கட்டும் துறை நாளையவர்களுக்கு. மேடை பிரிக்கும் துறை நாளை மறுநாளையவர்களுக்கு.

கட்டும் துறையின் செயலராக வந்தவர் பேராசிரியர் எவாந்த்ரோ மொந்தானாரி. மூன்று முறை நாட்டுத் தலைவராக இருந்தவர். அதனால் "மேதகு" என்று மூன்று தடவை சொல்லித்தான் அவரைக் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இரீதேக்கு அவர் தூரத்துச் சித்தப்பா மகன். எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு சித்தப்பா மகன்தான்.

தச்சர் கட்டியது மூன்று படி வைத்த மேடை. ஒரு துறையே கட்டும்போது அப்படிக் கட்ட முடியுமா? அந்த ஏப்ரலில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய மேடை, அகலத்துக்கு இடம் போதாமல் ஒதுங்கி ஒதுங்கி லெயார்கோவின் கதவில் போய் முட்டி நின்றது. ஒரு நாள் கூத்துதானே, மாலையில் பிரித்துவிடுவார்கள் என்று லெயார்கோவும் சும்மா இருந்தான். பதவி ஏற்பு முடிந்தது. நினைவுப் படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். யார் இடது ஓரம், யார் வலது ஓரம் என்பதில் பேச்சு தடித்தது. வாத்தியக் குழு நாட்டுப்பண்ணை முடிப்பதற்குள் கூட்டணி முடிந்துவிட்டது. நாளை மறுநாளையவர்கள் எல்லாப் பதவிகளையும் தூக்கி எறிந்துவிட்டு மலை இறங்கினார்கள்.

பிரிக்கும் துறைக்கு ஆள் இல்லை. மேடை அங்கேயே நின்றது. கதவு மேடைக்குப் பின்னால் போய்விட்டது. இரீதே கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"ஜன்னல் வழியா வந்துடு இரீதே, நான் கை கொடுக்கிறேன்" என்றான் லெயார்கோ, வெளியே நின்றுகொண்டு.

"ஜன்னல் வழியா ஏறிக் குதிக்க நான் என்ன பூனையா? இல்ல, உன் கடையில திருட வந்தவளா? கல்யாணம் ஆகி இந்த வாசல் வழியாத்தான்யா உள்ள வந்தேன். வெளிய வந்தா இந்த வாசல் வழியாத்தான் வருவேன். அதையும் கேட்டுக்கோ: இதை அடைச்சவனை மிதிச்சுக்கிட்டுத்தான் வருவேன்."

சொன்னால் சொன்னதுதான். சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னதால், மேடைக்குக் காவல் நின்ற வில்வீரன்கூடத் தன் கால்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான்.

லெயார்கோ நேராக எவாந்த்ரோவிடம் போனான். அவர் அவனை மரியாதையாக உட்கார வைத்தார்.

"லெயார்கோ, நான் கட்டும் துறை. கட்டினேனா இல்லையா?"

"கட்டினீங்க, மேதகு ஐயா."

"நல்லாக் கட்டினேனா?"

"அசைக்க முடியலீங்க."

"அப்புறம் என்ன குறை? பிரிக்கிறது என் துறை இல்லப்பா. நான் ஒரு ஆணியைப் பிடுங்கினேன்னு வச்சுக்கோ, பிரிக்கும் துறை தேவையில்லன்னு ஆயிடும். அது தேவையில்லன்னா, கட்டும் துறை மட்டும் எதுக்குன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். அப்புறம் அரசாங்கமே எதுக்குன்னு கேப்பான். உன் ஒரு கதவுக்காக நாட்டைத் திறந்து விடச் சொல்றியா?"

லெயார்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

எங்களிடம் இன்னொரு பழைய வழக்கம் உண்டு. பதவி ஏற்ற பின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, எந்தக் குடிமகனும் அரண்மனைக்குப் போய்த் தலைவர்களிடம் நேரடியாக முறையிடலாம். லெயார்கோ நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனான். அப்போதைய தலைவர்கள் ஒரு பல் வைத்தியரும் ஒரு பாலர் பள்ளி ஆசிரியையும். தலைவர்கள் தங்கள் கருத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது மரபு, தலையாட்டலாம். ஆனால் இருவரும் ஒரே அளவுக்கு ஆட்ட வேண்டும். லெயார்கோ கதவு பற்றிச் சொல்லச் சொல்ல, பல் வைத்தியர் மனம் இளகிக் கொஞ்சம் அதிகமாக ஆட்டிவிட்டார். ஆசிரியை அதை ஈடுகட்ட இன்னும் ஆட்டினார். அவர் அதை ஈடுகட்ட, இவர் அதை ஈடுகட்ட, முறையீடு முடிவதற்குள் இருவருக்கும் கழுத்துச் சுளுக்கி, காலுறை கழற்றும்போது என்னைக் கீழே பார்க்கக்கூட முடியாமல் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

முறையீடு மாமன்றத்துக்குப் போனது. கதவுக்கு முன்னால் மேடை இருக்கிறதா, மேடைக்குப் பின்னால் கதவு இருக்கிறதா என்பதில் மாமன்றம் பிளந்தது. ஓர் ஆய்வுக் குழு வந்தது. ஜன்னல் வழியாக ஒவ்வொருவராக உள்ளே ஏறி, முயல் வறுவலும் சிவப்பு ஒயினுமாக மதியம் முழுவதும் கதவை உட்புறமிருந்து ஆராய்ந்தார்கள். இரீதே கதவை இழுத்துக் காட்டினாள். அது திறந்தது. வெளியே பலகைச் சுவர்.

குழுவின் தலைவி வாயைத் துடைத்துக்கொண்டு முடிவைச் சொன்னாள்: "கதவு உள்பக்கமாத் திறக்குது. தாராளமாத் திறக்குது. ஆகவே கதவுக்கு எந்தத் தடையும் இல்ல. தடை இருக்கறது மனுஷங்களுக்குத்தான். அது எங்க ஆய்வு வரம்புல வரல."

"இன்னொரு தட்டு வறுவல் வேணுமா?" என்று கேட்டாள் இரீதே.

"இருந்தா குடும்மா."

"இருக்கு. அது உங்க வரம்புல வரல."

பிறகு அரசுக்கு மனம் இரங்கியது. மே மாதத்தில் ஒரு நாள் வாத்தியக் குழுவோடு வந்து எவாந்த்ரோ அந்த ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு நாடா கட்டினார். கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"குடிமக்களே! கதவு எங்கேன்னு எதிரிகள் கேட்கிறார்கள். நான் கேட்கிறேன், கதவு என்றால் என்ன? மனிதன் நுழையக்கூடிய ஒரு திறப்பு. ஜன்னல் என்றால் என்ன? அதே திறப்பு, கொஞ்சம் உயரத்தில். முந்தைய அரசுகள் குடிமகனைத் தரையோடு தரையாக நுழைய வைத்தன. இந்த அரசு அவனை உயர்த்தியிருக்கிறது! இன்றிலிருந்து இந்தக் குடியரசில், எல்லாச் சட்டங்களுக்கும் எல்லாக் காரியங்களுக்கும், ஜன்னலும் ஒரு வாசலே!"

கைதட்டல். மாமன்றம் அதை அன்றே சட்டமாக்கியது. நாடாவை வெட்டினார்.

"நீங்க ஒருவாட்டி நுழைஞ்சு காட்டுங்களேன், மேதகு ஐயா" என்றான் லெயார்கோ. அவன் உண்மையிலேயே வெள்ளை மனதோடுதான் கேட்டான்.

"ஆஸ்பத்திரியைத் திறந்து வைக்கிறவன் உடனே போய்ப் படுத்துக்கிறானா லெயார்கோ?" என்று சொல்லி அவர் போய்விட்டார்.

ஆகஸ்டில் லெயார்கோவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கீழே கடற்கரை ஊரிலிருந்து ஞானஸ்நானத்துக்காக எங்கள் கோயிலுக்குக் கொண்டு வந்தார்கள். கோயில் சதுக்கத்தின் எதிர்ப்பக்கம். குழந்தையை ரொட்டிக் கூடையில் வைத்து ஜன்னல் வழியாக இரீதேயிடம் நீட்டினார்கள். அவள் வாங்கி, முகர்ந்து, முத்தமிட்டு, அதே கூடையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். மணி அடித்தபோது மாடி ஜன்னலில் நின்றாள். கோயில் கதவு மூடுவது வரைக்கும் பார்த்தாள். அன்று அவள் யாரையும் திட்டவில்லை. திட்டாத இரீதேயைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கூடவே, வரப் போகிற வேடிக்கையை நினைத்துக் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

விருந்துக்கு வந்த பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்ற படம் இத்தாலியப் பத்திரிகை ஒன்றில் வந்தது. மாமன்றம் கலங்கியது. எவாந்த்ரோதான் வழி கண்டுபிடித்தார். எங்கள் நாட்டில் எந்தக் குடிமகனையும் தலைவராகத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்தால் மறுப்பது குற்றம். அவரே வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று செய்தியைச் சொன்னார்.

"லெயார்கோ, வர்ற அக்டோபருக்கு நீயும் நானும் தலைவர்கள். எனக்கு நாலாவது தடவை. உனக்கு வாழ்த்து."

லெயார்கோ கையிலிருந்த தட்டை வைத்துவிட்டான். "நானா? எதுக்குங்க?"

"நாட்டுத் தலைவருக்குச் சொந்தக் குறைன்னு எதுவும் இருக்கக் கூடாது. உனக்குக் குறை இருக்கு. உன்னைத் தலைவர் ஆக்கிட்டா குறை போயிடும்."

"கதவு?"

"கதவு அப்படியேதான் இருக்கும். குறைதான் இருக்காது. அதோட, முறையிடறதுன்னா தலைவர்கிட்டத்தான் முறையிடணும். நீயே தலைவர். உன்கிட்டயே நீ முறையிடுவியா? பைத்தியம்னு சொல்வாங்க."

லெயார்கோ மிரண்டுபோய் மனைவியைப் பார்த்தான். அவள் மாவு பிசைந்த கையோடு வந்து நின்றாள்.

"போய் ஏறுய்யா" என்றாள். "மேல ஏறினாத்தான் ஒருத்தனைக் கீழ தள்ள முடியும்."

அக்டோபர் வந்தது. பதவி ஏற்புக்கு முன் மேடை கட்டப்பட வேண்டும் என்பது சட்டம். ஏற்கெனவே ஒன்று நிற்கிறதே என்று யாரோ கேட்டார்கள். "அது நிற்கிற மேடை. சட்டம் கேட்பது கட்டப்படும் மேடை" என்றார் எவாந்த்ரோ. சதுக்கத்தில் வேறு இடம் இல்லாததால் பழைய மேடைக்கு மேலேயே புதிய மேடையைக் கட்டினார்கள். அது சரியாக இரீதேயின் மாடி ஜன்னல் மட்டத்துக்கு வந்து நின்றது. வெல்வெட்டும் வாளுமாக இரண்டு தலைவர்களும் ஏறி நின்றபோது, ஒரு கை நீளத்தில் இரீதே ஜன்னல் கட்டையில் முழங்கை ஊன்றிப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

எவாந்த்ரோ பேச ஆரம்பித்தார். "இந்தப் பதவியை நான் தேடிப் போகவில்லை…"

"மூணாங் கிளாஸ்லயும் இதையேதான் சொன்னே, வாத்தியாரம்மா மேசைல இருந்த பழம் உன் பையில கிடைச்சப்போ" என்றாள் இரீதே, பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சதுக்கம் குலுங்கியது. எவாந்த்ரோ குரலை உயர்த்தினார். "தன்னலம் மறந்து, மூன்று முறை இந்த நாட்டுக்கு உழைத்தவன்…"

"காலுறை சரியுது, மேதகு" என்றாள் அவள்.

சரியவில்லை. நான் கட்டிய காலுறை சரியாது. ஆனால் அவர் குனிந்து பார்த்துவிட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எழுந்திருக்கவில்லை.

அன்று மதியமே அரண்மனையில், லெயார்கோ தன் முதல் ஆணையைச் சொன்னான்: மேடையைப் பிரிக்க வேண்டும். எவாந்த்ரோ புன்னகையோடு ஒரே ஒரு சொல் சொன்னார்: "தடுக்கிறேன்." அவ்வளவுதான். ஒரு தலைவர் தடுத்தால் மற்றவர் செய்வது செல்லாது. காரணம் சொல்லவும் தேவையில்லை.

லெயார்கோ தலை குனிந்து வீட்டுக்கு வந்து ஜன்னல் வழியாக ஏறினான். அவனுடைய அங்கியை வாங்க நானும் கூட ஏறினேன். நடந்ததைச் சொன்னான். இரீதே முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"அந்தச் சொல் அவனுக்கு மட்டும்தானா?"

"இல்ல, எனக்கும் உண்டு. ஆனா நான் எதைத் தடுக்கிறது? எனக்கு அவர் மேல கோபம் ஒண்ணும் இல்லையே."

"கோபம் என்கிட்ட இருக்கு. நிறைய இருக்கு. தினம் கொஞ்சம் கட்டிக் குடுக்கிறேன், எடுத்துட்டுப் போ."

அடுத்த நாளிலிருந்து லெயார்கோ மதிய ரொட்டியோடு இரீதேயின் கோபத்தையும் எடுத்துக்கொண்டு அரண்மனைக்கு வந்தான். எவாந்த்ரோ தன் உருவப்படத்தை வரைய ஓவியரை வரவழைத்தார். "தடுக்கிறேன்" என்றான் லெயார்கோ, மன்னிப்புக் கேட்கும் குரலில். ஓவியர் காதை மட்டும் வரைந்துவிட்டுப் போனார். இத்தாலிக்கு அரசுப் பயணம். "தடுக்கிறேன்." விருந்தில் நான்கு வகைப் பதார்த்தம். "மூணைத் தடுக்கிறேன்." நாலாவதாக மிஞ்சியது உப்பு. எவாந்த்ரோ பேச எழுந்தார். "எழுந்ததைத் தடுக்கிறேன்." உட்காரப் போனார். "மன்னிக்கணும் மேதகு ஐயா, உட்காரறதையும் தடுக்கிறேன்." அன்று அவர் பாதி உட்கார்ந்த நிலையில் கழித்த பிற்பகலில் அவருடைய கெண்டைக்கால்கள் எப்படி நடுங்கின என்பதை எனக்கு விவரிக்கத் தெரிந்தால் நான் கவிஞனாகியிருப்பேன்.

ஆனால் இதெல்லாம் ஊறுகாய். சோறு இனிமேல்தான்.

நாட்டுத் தலைவர் அரண்மனை வாசலைக் கடப்பது எங்கள் நாட்டில் ஓர் அரசுச் செயல். கொம்பு ஊதுவார்கள், வில்வீரர்கள் வில்லை உயர்த்துவார்கள். அரசுச் செயல் என்றால் இருவர் சம்மதமும் வேண்டும். ஒரு மாலை எவாந்த்ரோ வீட்டுக்குக் கிளம்பினார். கொம்பு ஊதுகிறவர் கன்னத்தை உப்பினார். லெயார்கோ தொண்டையைக் கனைத்தான்.

"தடுக்கிறேன்."

"எதை?"

"நீங்க வாசல் வழியாப் போறதை."

"நான் வீட்டுக்குப் போக வேணாமா?"

"கண்டிப்பாப் போகணும். ஜன்னல் இருக்குங்களே. ஜன்னலும் ஒரு வாசல்தான்னு நீங்கதானே திறந்து வச்சீங்க. அதே சமயம் அதுல கொம்பு ஊதணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. அதனால அது அரசுச் செயல் இல்ல, சும்மா போறது. சும்மா போறதை நான் தடுக்கவே மாட்டேன்."

எவாந்த்ரோ முகம் வெல்வெட் நிறத்துக்குப் போனது. "அப்படின்னா நீ வாசல் வழியாப் போறதை நானும் தடுக்கிறேன்!" என்று கத்தினார்.

"சரிங்க" என்று சொல்லி, லெயார்கோ ஜன்னல் கட்டையில் ஒரு கையை ஊன்றி, ஒரு துள்ளலில் வெளியே போனான். ஏப்ரலிலிருந்து தினம் பழகிய வழி அவனுக்கு. எவாந்த்ரோவுக்குப் பழக்கமில்லை. அலமாரியை மாடியிலிருந்து இறக்குவதுபோல் இரண்டு வில்வீரர்கள் அவரை இறக்கினார்கள். வாள் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. அங்கி கிழிந்தது. அன்று தைக்க ஆரம்பித்தவன், மார்ச் வரைக்கும் தைத்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாகத் தைத்தேன்.

வெளிநாட்டுத் தூதர் ஒருவர் நியமனப் பத்திரம் கொடுக்க வந்தார். நாட்டுத் தலைவர் ஜன்னலில் பாதி தொங்கியபடி தன்னை வரவேற்பதைப் பார்த்து, பழமையான மரபு போலும் என்று நெகிழ்ந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானும் ஏற முயன்றார். இருவரும் ஒரே சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். வாத்தியக் குழு இரண்டு நாட்டுப் பண்களையும் முழுமையாக வாசித்தது.

பனிக்காலத்தில் எவாந்த்ரோ சமாதானத்துக்கு வந்தார் என்று நினைக்காதீர்கள். வரவில்லை. ஏப்ரலில் பதவி முடிகிறது, அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று இருந்தார். மார்ச் கடைசியில், புதிய தலைவர்களுக்காக மூன்றாவது மேடையை இரண்டாவதன் மேல் கட்டும் ஆணையில் ஆசையோடு கையெழுத்துப் போட்டு லெயார்கோ பக்கம் தள்ளினார்.

"தடுக்கிறேன்" என்றான் லெயார்கோ.

"முட்டாளா நீ? மேடை கட்டலேன்னா புதுத் தலைவர்கள் பதவி ஏற்க முடியாது."

"ஆமாங்க."

"அவங்க ஏற்கலேன்னா நாம இறங்க முடியாது."

"ஆமாங்க."

எவாந்த்ரோ மெதுவாக ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் பதவியில் இருக்க ஆசைப்பட்ட மனிதர் அவர். அந்த ஆசை நிறைவேறப் போகிறது என்று தெரிந்தபோது அவர் முகத்தில் வந்த பயத்தை நான் காலுறையிலிருந்து தலை தூக்கிப் பார்த்தேன். என் பணிக்காலத்தில் நான் முழுதாகப் பார்த்த ஒரே முகம் அதுதான்.

அன்றே அவர் மேடைமேல் ஏறி மாடி ஜன்னலுக்கு முன் வந்து நின்றார்.

"இரீதே. அம்மா. ஒண்ணுக்குள்ள ஒண்ணு நாம. மேடையைப் பிரிக்க இனி நான் தடை சொல்லல. ஆனா பிரிக்க ஆள் இல்லையே. பிரிக்கும் துறை காலியா இருக்கு. நான் என்ன பண்றது?"

"உனக்குக் கை இருக்கா?"

"இருக்கு…"

"அப்புறம் என்ன? பிரி."

"நான் கட்டும் துறை, இரீதே!"

"நீ இப்போ துறை இல்லடா, தலைவர். தலைவருக்குச் சொந்தக் குறைன்னு எதுவும் கூடாதுன்னு என் புருஷன்கிட்ட நீதானே சொன்னே? சுத்தியல் வேணுமா, கடப்பாரை வேணுமா? ரெண்டும் கீழ இருக்கு. ஜன்னல் வழியா வாங்கிக்கோ."

மார்ச் மாதத்தின் கடைசி நாள் காலை, நாடு முழுவதும் சதுக்கத்தில் கூடியது. முன்னாள் தலைவர்கள் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து பதவி மூப்பு வரிசையில் உட்கார்ந்தார்கள். வெல்வெட் அங்கியும் வாளுமாக எவாந்த்ரோ ஆணி பிடுங்கினார். தலைவர் ஆணி பிடுங்குவது அரசுச் செயல் என்பதால் ஒவ்வோர் ஆணிக்கும் கொம்பு ஊதினார்கள். ஒவ்வோர் ஆணிக்கும் லெயார்கோ "தடுக்கவில்லை" என்றான். மேலிருந்து இரீதே வழி சொன்னாள். "அந்தப் பலகையை விட்டுட்டே. கண்ணு தெரியலையா? ஓட்டு கேட்டு வரும்போது எங்க வீட்டு விளக்கு எரியறது மலை அடிவாரத்துல இருந்தே தெரிஞ்சுதே!" ஆணி பிடுங்கும்போது, தான் எவ்வளவு உறுதியாகக் கட்டியிருக்கிறோம் என்று அவருக்கு முதன்முதலாகத் தெரிந்தது. கட்டிக் கொடுத்தது அவர் மச்சான்; மரத்தைவிட ஆணி அதிகம்.

மாலை வெயில் சாயும்போது கடைசிப் பலகை விழுந்தது. கதவு தெரிந்தது. ஒரு வருஷமாக வெயில் படாமல் பூஞ்சை படர்ந்து, ஈரத்தில் உப்பிப் போய் நின்றது. உள்ளே இரீதே தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்டது. இழுத்தாள். அசையவில்லை.

"தள்ளு எவாந்த்ரோ!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. நாலு அடி பின்னால் போய், அங்கியைச் சுருட்டிக்கொண்டு, ஓடி வந்து மோதினார். அதே நேரத்தில் இரீதேயும் இழுத்திருக்க வேண்டும். கதவு படாரென்று திறந்தது. ஆய்வுக் குழு சொன்னது உண்மைதான். உள்பக்கமாக, தாராளமாகத் திறந்தது. மேதகு எவாந்த்ரோ மொந்தானாரி, நான்காம் முறை, வாசற்படியில் குப்புற நீட்டிப் படுத்தார். பாதி உடல் உள்ளே, பாதி வெளியே.

வாசலில் இரீதே நின்றாள். கல்யாண நாளில் போட்ட செருப்பைத் துடைத்துப் போட்டிருந்தாள். குனிந்து அவரைப் பார்த்தாள். எல்லோருக்கும் அவள் சொன்னது நினைவிருந்தது. அவருக்கும் இருந்திருக்க வேண்டும், எழுந்திருக்கவே இல்லை.

முதுகில் ஒரு கால் வைத்தாள். இன்னொரு கால் சதுக்கத்துக் கல்லில்.

நின்று பார்க்காமல் நேராக எதிர்ப்பக்கம் நடந்தாள். கோயிலுக்குள் போய், ஞானஸ்நானத் தொட்டியில் கையை நனைத்து நெற்றியில் தடவிக்கொண்டு, திரும்பி வந்தாள். எவாந்த்ரோ இன்னும் அங்கேயே கிடந்தார். வரும்போதும் மிதித்துக்கொண்டுதான் வந்தாள். அது சபதத்தில் இல்லை. அது அவள் சொந்தச் செலவு.

மறுநாள் பதவி ஏற்பு. மேடை இல்லை. மாமன்றம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இரீதேயும் லெயார்கோவும் மாவு பிசையும் மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கதவு வழியாகத் தூக்கி வந்து சதுக்கத்தில் போட்டார்கள். புதிய தலைவர்கள் அதன்மேல் ஏறிப் பிரமாணம் எடுத்தார்கள். நாட்டுப்பண் முடிவதற்குள் இரீதே மேசையைத் தட்டினாள்: "இறங்குங்க, இறங்குங்க. மதியத்துக்கு ரொட்டி போடணும்."

இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. ஓய்வு பெற்றதால் நான் இப்போது காலைப் பார்க்காமல் முழுதாகப் பார்க்கிறேன். அந்த இரண்டு கட்சிகளும் மீண்டும் கூட்டணி சேர்ந்து, மேசை போடும் துறை, மேசை எடுக்கும் துறை என்று பேச்சை ஆரம்பித்திருப்பதாகக் கேள்வி. மேசையைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று ரொட்டி தேய்க்கும் கட்டையைத் துடைத்து வைத்திருக்கிறாள் இரீதே.

எவாந்த்ரோவும் மதியச் சாப்பாட்டுக்கு அங்கேதான் வருகிறார்; வேறு எங்கே போவார்? முதல் நாள் கதவுப் பக்கம் போய்க் கையை வைத்தார். உள்ளிருந்து இரீதே நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அந்தப் பக்கம்" என்றாள், கட்டையால் ஜன்னலைக் காட்டி.

அவர் ஜன்னல் பக்கம் போனார். வாள் இல்லாததால் இப்போதெல்லாம் சிக்குவதில்லை, நன்றாகவே ஏறுகிறார்.